கறுப்புப் பேனாவை எடுக்கச் சொல்

எடிசன், நியூஜெர்சி
7 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, முரளி மாமா, நைனா எல்லாரும் நலம்தானே? இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. காரைத் தோண்டி எடுத்துத்தான் ஆபீஸ் போகிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். உன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தால் உன் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், மலை ஏறிவிட்டோம், தரிசனம் ஆகிவிட்டது என்று ஊருக்குச் சொல்ல. நடுவில் நைனா ரிசீவரைப் பிடுங்கி "சோறு துன்னியாடா" என்பார். இந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நைனாவுக்குப் படித்துக் காட்டாதே. வேறு யாரும் படித்துச் சொல்லும்படியும் வைத்துவிடாதே.

சித்தூர் சம்பந்தம் பற்றித்தான். நீயும் மாமாவும் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தீர்கள். சந்தியாவைப் பிடித்திருக்கிறது என்று எழுதினாய். அன்றைக்கு நைனாவுக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஏன் என்று இப்போது சொல்கிறேன், திட்டாமல் படி.

பெண்ணின் அண்ணன் கிரண்குமார் என் பக்கத்து மேஜைக்காரன் என்பது உனக்குத் தெரியும். போன அக்டோபரில் என்னை நியூயார்க்குக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பேனாக் கடை. நம் ஊர் நகைக்கடை போல வாசலில் காவலுக்கு ஆள், உள்ளே கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி. கிரணின் அப்பா நாகபூஷணம் சார் சப்-ரிஜிஸ்ட்ராராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பேனா என்றால் உயிராம், முப்பது வருஷமாகச் சேர்க்கிறாராம். அவருக்கு ஒன்று வாங்க வந்தான். இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தவித்தான். ஒன்று ஜெர்மனியில் செய்தது, கறுப்பு, வெள்ளியில் பூ வேலை, கழுத்தில் எண் வெட்டியது. மொத்தமே எண்ணூறு பேனாதான் செய்தார்களாம். இன்னொன்று ஜப்பான் பேனா, சிவப்பு அரக்குப் பூசி, அதன் மேல் தங்கப் பொடியால் ஒரு மீன். ஒருத்தரே மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்ததாம். கடைசியில் இரண்டையுமே வாங்கிவிட்டான். ஒரு மாதச் சம்பளம் போச்சு என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டான், உங்க நைனா என்ன பண்றார் என்று.

நான் சொன்னேன், "எங்க நைனாவும் பேனா பிடிக்கிறவர்தான். பத்திரம் எழுதறார்."

ஏன் சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் மூட்டை தூக்கினார், அப்புறம் நாகலாபுரத்தில் ஒன்றரை ஏக்கர் பயிர் வைத்தார் என்று சொன்னால் என்ன குறைந்திருக்கும்? அந்தக் கடையில் அந்த வெளிச்சத்தில் அது வாயில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, எங்க அப்பாவுக்கு உங்க குடும்பம் ரொம்பப் பிடிச்சிருக்கு என்று கிரண் வந்து நின்றான். பத்திரம் எழுதுகிறவர் வீட்டுப் பையன் என்றதும் சார் ஜாதகம் கேட்டுவிட்டார்.

இப்போது சிக்கல் இதுதான். ஏப்ரல் நாலாம் தேதி நிச்சயத்தில் லக்ன பத்திரிகை எழுதும்போது அந்த இரண்டு பேனாவையும் தாம்பாளத்தில் வைக்கப்போகிறாராம். சம்பந்தி முதலில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் அவருக்கு. எடுத்த பேனாவாலேயே இரண்டு பேரும் பத்திரிகையில் கையெழுத்துப் போட வேண்டும். கிரண் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சாருக்கு மீன் பேனா மேல் ஆசை என்று கிரண் சொல்கிறான். அதனால் நைனா கறுப்பை எடுக்க வேண்டும். "நிப்பு கனமா இருந்தாத்தான் எனக்கு எழுத வரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் பேச வேண்டாம். கைநாட்டு வைக்கிறவர் கையெழுத்துக்கு நீதான் ஏதாவது வழி பார்க்க வேண்டும்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
மோகன்ராஜ்


திருப்பதி
26 பிப்ரவரி 1999

மோகனுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். முதல் நாள் கிழிக்கலாம் என்று தோன்றியது. இரண்டாம் நாள் கிரண்குமார் நம்பருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று டயல் பண்ணி, மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன். உன் மாமாவிடம் சொன்னேன். ஜீப்பில் மலைக்கும் கீழுக்கும் இத்தனை வருஷம் ஓட்டியும் இப்படி ஒரு வளைவைப் பார்த்ததில்லை என்றார். அவருக்கு எல்லாம் தமாஷ்.

பொண்ணு நல்ல பொண்ணு, அதனால்தான் யோசித்தேன். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஜூனியர் காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறாள், வெடுக்கென்று பேசுகிறாள். உனக்கு அப்படி ஒருத்திதான் வேண்டும்.

நைனாவிடம் சொல்லாமல் எப்படிடா முடியும்? பேனா எடுக்க வேண்டியவர் அவர். சொன்னேன். பூத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துக்கினு இருந்தார். நீ எழுதினதைப் படித்துக் காட்டவில்லை, சுருக்கமாகச் சொன்னேன். மண்டியை நீ மறைத்ததையும் சொன்னேன். கோபப்படுவார், நானும் கூடச் சேர்ந்து உன்னைத் திட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

"பேனாவை எந்த விரல்ல பிடிக்கணும்?"

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். பில் மிஷினில் போடுகிற பேப்பர் உருளையில் எழுதுகிறார். ஒரு நாளைக்கு ஒரு உருளை. கடப்பாறை பிடித்த கை, அழுத்துகிற அழுத்தில் காந்தி ரோட்டில் வாங்கின ஹீரோ பேனா இரண்டு நிப்பு போச்சு. "க" வருவதற்கு மூன்று நாள் ஆனது. "ரு"வில் அந்தச் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று இன்னும் சண்டை.

பார்த்து எழுதுவதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்றார். என் எழுத்து பொம்பளை எழுத்தாம். டிரங்குப் பெட்டியில் உன் ஒன்பதாம் வகுப்பு புரோகிரஸ் கார்டு கிடைத்தது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் மூன்று பருவத்துக்கும் நைனா பேரில் நீயே போட்டிருக்கிறாய். வகுப்பில் கைரேகையைக் காட்ட வெட்கப்பட்டு நீ போட்டது அவருக்கு அப்போதே தெரியும் என்றார். இப்போது அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் தன் பெயரை எழுதப் பழகுகிறார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். உனக்காக இல்லை.

கறுப்புப் பேனா, கனமான நிப்பு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொள்கிறார்.

நான் இதைச் செய்வது நைனா ஆசைப்படுவதால் மட்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

காஞ்சனா


எடிசன்
9 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். புரோகிரஸ் கார்டு விஷயம் நைனாவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. கிரண் நேற்று சொன்னான், அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்களாம். எல்லாரும் பழைய ஆட்கள், பத்திரம், முத்திரைத்தாள் என்றுதான் பேச்சு இருக்கும். நைனா பெயர் எழுதக் கற்றுக்கொண்டாலும், எந்த ஊர் ஆபீஸில் எழுதினீர்கள், எந்த வருஷம் என்று ஒருத்தர் கேட்டால் போதும். நேற்று ராத்திரி தூக்கம் இல்லை.

அதனால் யோசித்தேன். புத்தூரில் ரங்கையா இருக்கிறாரே, நம் நிலத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். மாமாவுக்குப் பழக்கம்தான். அவரை நமக்குப் பெரியப்பா முறை என்று சொல்லி அன்றைக்கு உட்கார வைத்தால் என்ன? நைனாவுக்கு உடம்பு முடியவில்லை, அவருக்குப் பதில் மூத்தவர் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ரங்கையா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. கல்யாணத்துக்கு நைனா வரட்டும். கூட்டத்தில் யார் யாரிடம் என்ன பேசப்போகிறார்கள்?

நைனாவை அன்றைக்கு வர வேண்டாம் என்று நீ பக்குவமாகச் சொல்லு. நான் சொன்னேன் என்று சொல்லாதே. அவருக்கே கஷ்டம் வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மோகன்


திருப்பதி
12 ஏப்ரல் 1999

மோகன்,

இருபது நாளாக நீ போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ வரிசையாகவே படி.

உன் கடிதம் மார்ச் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. நான் டெலிபோன் ஆபீஸுக்குப் பில் கட்டப் போயிருந்தேன். பூத்தில் நைனா மட்டும். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட கவர் என்றால் நீ என்று அவருக்குத் தெரியும். நான் வரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் எப்போதும் செய்வதுதான். ஊரில் இருந்தபோது போஸ்ட்மேனிடம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், பஸ் கண்டக்டரிடம்கூடக் கொடுத்து உன் கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர். லைன் கிடைக்கக் காத்துக்கினு இருந்த அரக்கோணத்துக்காரர் ஒருத்தரிடம், எம் பையன் அமெரிக்காவுலேர்ந்து எழுதிக்கிறான், கொஞ்சம் படிங்க என்று கொடுத்திருக்கிறார்.

அந்த மனுஷன் சத்தமாகப் படித்தார். ரங்கையா பேர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாராம். மீதியை உங்க பொண்ணு வந்து படிக்கட்டும் பெரியவரே என்றாராம். நைனா விடவில்லை. "நிறுத்தாதீங்க. முழுசா படிங்க."

நான் திரும்பி வந்தபோது பூத்தில் ஆறு பேர். அரக்கோணத்துக்காரர் என்னைப் பார்த்ததும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, போன்கூடப் பண்ணாமல் போய்விட்டார். நைனா ஸ்டூலில் இருந்து எழுந்து, என்னை உட்கார்ந்துக்கோ என்பது போல இடம் விட்டார். அன்றைக்கு நான் பட்ட அவமானம் உனக்கும் சேர்த்து.

ரங்கையாவைக் கூப்பிடட்டுமா என்று நானே கேட்டேன். எனக்கும் தெம்பு போய்விட்டது. அவர் வேண்டாம் என்றார். "அவன் பயப்படறான். நான் சரியா பண்ணிட்டா அவன் பயம் போய்டும்." அவ்வளவுதான் பேசினார். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு உருளை.

ஏப்ரல் இரண்டாம் தேதி யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தார். நல்லபடியாகக் கையெழுத்து வர வேண்டும் என்று வேண்டுதலாம்.

நாலாம் தேதி சித்தூர் போனோம். நீ அனுப்பின சட்டை, வெள்ளை வேட்டி. மொட்டைத் தலையோடு அவர் நன்றாகத்தான் இருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். நீ பயந்தபடி யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர்களுக்கு அவர்கள் முட்டிவலிதான் பேச்சு. பூசை ஆயிற்று. நாகபூஷணம் சார் தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி, அதன் மேல் இரண்டு பெட்டியையும் திறந்து வைத்தார். சம்பந்தி, முதல்ல நீங்க என்றார்.

மோகன், நான் பக்கத்தில் இருந்தேன். நைனா கை மீன் பேனாவுக்குப் போயிற்று. அவ்வளவு அழகுடா அது. அந்தத் தங்க மீன் நிஜமாகவே தண்ணியில் திரும்புகிற மாதிரி இருந்தது. அவர் விரல் அதைத் தொட்டுக்கூட விட்டது. அப்புறம் நீ சொன்னது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். கறுப்பை எடுத்தார். "நிப்பு கனமா இருந்தாத்தான் எனக்கு எழுத வரும்." ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பத்திரிகையை அவர் முன்னால் வைத்தார்கள். கருப்பன் என்று தன் பெயரை எழுதினார். சுழி சரியான பக்கம் போயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் உன்னைக்கூட மன்னித்திருப்பேன்.

பேனாவை மூடும்போது, மூடிக்குள் கசிந்திருந்த மை கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அவர் கையைத் தூக்கி விரலைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடையிலும் கூட்டுறவு பாங்கிலும் ரேகை வைக்கச் சொல்வார்கள், விரலைத் துடைக்கத் துணி யாரும் கொடுக்கமாட்டார்கள். ரேகை வைக்கிற ஜனங்கள் எல்லாரும் தலைமுடியில்தான் துடைத்துக்கொள்வார்கள். நைனாவும் இத்தனை வருஷம் அப்படித்தான். அவருக்கே தெரியாமல் கை போய்விட்டது. முடி இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. மொட்டைத் தலையில் நீலமாக ஒரு கோடு.

நாகபூஷணம் சார் முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து ரேகை வாங்கினவர். அவர் முகத்தைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. குனிந்து நைனா காதில் கேட்டார், எத்தனை வருஷமா வேலிமுத்ரை, விரல் ரேகை என்று. நைனா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எப்பவுமே ரேகைதாங்க. கையெழுத்து இன்னைக்குத்தான் மொதோ தபா."

சார் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாடு நடந்தது. கிளம்பும்போது என்னையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டார். அமெரிக்கா மாப்பிள்ளை, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, அவர் முழுங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். சின்ன விஷயம், விடுங்கம்மா என்று ஆரம்பித்தார். சந்தியா கதவோரம் நின்றிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ரங்கையா கதை உட்பட. மறைக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு தெரியலைன்னா, என்னை யாருன்னு சொல்லுவாரு உங்க தம்பி?"

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

நைனா கறுப்புப் பேனாவைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் சந்திரகிரி தாண்டினோம். அப்புறம் என்னைக் கேட்டார், "எம்மா, கையெழுத்து நல்லா இருந்துச்சா?" தலையில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. என் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டேன். போகவில்லை.

காஞ்சனா


எடிசன்
1 மே 1999

அக்கா,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றுதான் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் எழுத எழுத எனக்கு வெட்கம் அதிகமாயிற்று, அதனால் விளக்கம் இல்லை.

சந்தியாவுக்கு எழுதிவிட்டேன். கிரணிடம் நேரில் சொன்னேன். அவன் மேஜையை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

நைனாவோடு போனில் பேச இரண்டு முறை நம்பரைப் போட்டேன். அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும், பேசாமல் துண்டித்தது நான்தான்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதை நீ படித்துக் காட்டாதே. நைனா எப்போதும் போல யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பூத்தில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடு. ஆறு பேர் காதில் விழும்படி அவரைக் குறைத்தேன், இதையும் நாலு பேர் கேட்கட்டும்.

மோகன்

(கூட வைத்த தாள்)

இதைப் படிப்பவருக்கு வணக்கம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து சத்தமாகப் படியுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம்.

உங்களிடம் இதைக் கொடுத்தவர் என் நைனா. பெயர் கருப்பன். பங்காருபாளையம் மண்டியில் பதினெட்டு வருஷம் மாங்காய் மூட்டை தூக்கினார். அந்தக் கூலியில்தான் நான் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அவர் பத்திரம் எழுதுகிறவர் என்று நான் வெளியே சொன்னது பொய். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் கேட்டதற்காக இந்த வயதில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகும் அவரை வர வேண்டாம் என்று சொல்லி எழுதினேன், அதையும் உங்களைப் போல ஒருவர்தான் அவருக்குப் படித்துக் காட்டினார்.

நைனா, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. தலையில் துடைத்ததும் தப்பில்லை. கெடுத்தது நான். வெட்கப்பட வேண்டியவனும் நான்.

மோகன்ராஜ்


திருப்பதி
3 ஜூன் 1999

மோகனுக்கு,

தாள் வந்தது. நீ சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், பூத்து நிறையக் கூட்டம். நைனா முதலில் கொடுத்தவர் குண்டூர்க்காரர், அவருக்குத் தமிழ் வராது. அடுத்தவருக்கும் வராது. மூன்றாவதாக வேலூரில் இருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் வாங்கிப் படித்தாள். குழந்தை அழுதது, அதை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. நைனா தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு லைன் போட்டுக் கொடு, காசு வாங்காதே என்றார்.

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று நீ கேட்பாய். சாயங்காலம் சொன்னார், அந்தப் பொண்ணு நல்லா படிச்சுது என்று.

அடுத்த வாரம் நாகபூஷணம் சார் நேரில் வந்தார். பெண் முடியாது என்று சொல்லிவிட்டாள். உன் கடிதம் அவளுக்கு வந்ததாம். உண்மையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு எழுதினது என்றாளாம். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சார் லக்ன பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி. திறந்தால் மீன் பேனா. அவர் ஆசைப்பட்டதாக நீ எழுதினாயே, அதேதான். நைனா வேண்டாம் என்றார். சார் கேட்கவில்லை. அன்னிக்கு உங்க கை முதல்ல இதுக்குத்தான் போச்சு, நான் பார்த்தேன் என்று சொல்லி, மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

இரண்டு நாள் நைனா அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. முந்தாநாள் நான் மார்க்கெட் போய்விட்டு வந்தபோது பேனாவில் மை ரொப்பி வைத்திருந்தார். பேர் எழுதுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். எழுதவில்லை. நிப்பில் கட்டைவிரலைத் தொடுவார், மை ஒட்டும், உடனே தோளில் இருக்கிற துண்டில் துடைப்பார். மறுபடியும் தொடுவார், துடைப்பார். துண்டு முழுக்க நீலம். தலையில் இப்போது ஒரு அங்குலம் முடி வந்திருக்கிறது. ஒரு தடவை கை பாதி வழிக்குத் தலைப்பக்கம் போய்விட்டது. தன் கையைத் தானே அடித்தார்.

என்ன நைனா இது என்று கேட்டேன். மோகன் எழுதின தாளில் உன் மேல் தப்பில்லை என்று இருந்ததே, அந்தப் பெண் படித்ததைக் கேட்டாய்தானே என்றும் கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார், "அவன் எனக்காக அப்படி எழுதிக்கிறான். வேற எடம் பார்க்கச் சொல்லு. இந்த தபா நான் கெடுக்க மாட்டேன்."

காஞ்சனா